எதிர்ப்பக்கக் கறை

மாமனார் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். அவர் ஜெயித்துவிட்டார். யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவரும் அவருடைய இருமலும் வீட்டிலேயே இருந்தார்கள்.

இன்று காலை சண்டையை வேறு இடத்தில் ஆரம்பித்தார்.

"யாரு இந்த மஞ்சள் பல்பை மாட்டினது?"

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட ஒரு தம்பிதான் இருக்கிறான். ஆனால் அவள் வேலை செய்யும் நூலகத்தில் வாசல் காவலாளி முதல் தலைமை நூலகர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மாமனாருக்கு மட்டும் 'பசை'. நைந்துபோன பழைய புத்தகங்களைப் பிரித்து, கழுவி, ஒட்டி, தைப்பது அவள் தொழில்.

"எந்த பல்பு மாமா?"

"இதோ, தலைக்கு மேல. மஞ்சக்காமாலை வந்த மாதிரி எரியுது."

"அது போன வருஷம் மாட்டின அதே வெள்ளை லைட்தான்."

"எனக்கா சொல்றே? ஆயுசு முழுக்க பாய்லர் பார்த்தவன் நான். நெருப்போட கலரைப் பார்த்தே சூடு எவ்வளவுன்னு சொல்லுவேன்."

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க," என்றார் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே. "மத்தியானம் லாரி. எனக்கு உசிரே அதுலதான் இருக்கு."

லாரியில் ஏறப்போவது புத்தகம். நூலகத்தில் கிடந்த ஒரு பழைய மூலிகைப் புத்தகத்தின் மறுபதிப்பு. ஒரு பக்கம் செடியின் குணம், எதிர்ப்பக்கம் கையால் வண்ணம் தீட்டிய படம். அக்கா அதைச் சரிசெய்தாள். நூலகத்தில் படமெடுக்கும் வேலையில் இருக்கும் தம்பி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தான். கணவர் தன் அச்சகத்தில் அச்சடித்தார். மூன்று பேர் கை பட்ட புத்தகம்.

நாலாவது கை மாமனாருடையது. அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களை மகன் வீட்டுக்குக் கொண்டுவர, அப்பா படிக்க ஆரம்பித்தார். 'சளிமுறி' என்ற செடியில் வந்து நின்றார். இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் நாள்பட்ட இருமல் விடும், கேடு எதுவும் இல்லை, குழந்தைக்கும் தரலாம் என்று எழுதியிருந்தது. எதிரே படம். நீளமான, ரோமம் படர்ந்த இலை. ஒரே பக்கமாகத் தொங்கும் மணி போன்ற பூக்கள். பழைய ரயில் பாதை ஓரம் அதே செடி மண்டிக் கிடந்தது. கொஞ்ச நாளாகக் காலையில் நடக்கப் போகிறவர் பை நிறைய இலையோடுதான் திரும்புகிறார்.

அக்கா தடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை அவளும் படித்திருந்தாள்.

தொட்டியில் இரண்டு டம்ளர்கள். இரண்டிலும் அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். ஏன் இரண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. பாத்திரம் கழுவும்போது யாருக்கும் அப்படித் தோன்றாது.

"சாப்பிடலையா மாமா?"

"வேண்டாம். வாய் கசக்குது. மாப்ளே, டீ குடிச்சியா?"

மாப்ளே என்றது தம்பியை. மருமகளின் தம்பியை அப்படிக் கூப்பிடுவதில் கிழவருக்கு ஒரு குஷி.

"குடிச்சேன் மாமா. பாய்லர் தண்ணி மாதிரியே இருந்துச்சு. நீங்க ரிட்டயர் ஆனது யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"உனக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன் பாரு, என்னைச் சொல்லணும். அந்த இருமலோட உனக்கு நாக்கு வேற."

"என் இருமல் தூசியால வர்றது. உங்க இலைத் தண்ணியை ஆட்டுக்கு ஊத்துங்க. என்கிட்ட கொண்டுவராதீங்க."

"யாரு கொண்டுவந்தா?" என்றார் மாமனார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்கூட்டரில் போகும்போது தம்பி புலம்பிக்கொண்டே வந்தான். போன வாரம் வேறொரு புத்தகத்துக்காக எடுத்த படங்களை எல்லாம் நூலகர் திருப்பி அனுப்பிவிட்டாராம். எல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறதாம்.

"நான் பார்க்கும்போது சரியாத்தான்கா இருக்கு. மஞ்சள் கூடுதலா தெரிஞ்சுதுன்னு கொஞ்சம் குறைச்சேன். அவ்வளவுதான். அந்த ஆளுக்குக் கண்ணு கோளாறு."

"கேமராவைக் காட்டு எங்கயாவது."

"கேமரா எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் பாதிதான் கேட்டாள். அவளுக்கு இன்று வேறு வேலை. மறுபதிப்பு வெளியாவதை முன்னிட்டு, பழைய மூலப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் திறந்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டும். அழகான பக்கம் வேண்டும். அழகு என்றால் மணிப்பூதான்.

நூலகத்தின் அடித்தளத்தில் அவளுடைய மேஜை. புத்தகத்தை நுரை மெத்தை மேல் வைத்துத் திறந்தாள். சளிமுறி. இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் படம். தாள் மேடுபள்ளமாக இருக்கிறதா என்று பார்க்க மேஜை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்தாள்.

எழுத்துப் பக்கத்தில் ஏதோ தெரிந்தது.

பழைய வண்ணப் படம் நெடுங்காலம் மூடிக்கிடந்தால், எதிர்ப்பக்கத்தில் அதன் கறை பதியும். இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போல. பழுப்பாக, லேசாக. அக்கா அதை நிழல் என்பாள். கழுவினாலும் முழுக்கப் போகாது. நேர் வெளிச்சத்தில் தெரியாது.

நிழலில் மணிகள் இல்லை. தடித்த கம்பு ஒன்று நேராக நின்றது. பீமனின் கதாயுதம் மாதிரி, உச்சி வரை ஒரே கனம்.

அவள் விளக்கை நகர்த்தினாள். திரும்பவும் நகர்த்தினாள். மணி ஒன்றுகூட இல்லை.

பக்கங்களைப் புரட்டினாள். அந்தத் தடி போன்ற பூ வேறொரு படத்தில் இருந்தது. அதன் எதிரே இருந்த எழுத்துப் பக்கத்தில் விளக்கைச் சாய்த்தாள். அங்கே இருந்தன மணிகள். வரிசையாக, ஒரே பக்கமாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

அந்தப் பக்கத்தின் தலைப்பு 'நெஞ்சடக்கி'.

இரண்டு படங்களும் இடம் மாறியிருந்தன.

எப்படி என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. படங்களின் மூலையில் எண் உண்டு. எவனோ ஒரு பழைய பைண்டர் ஓரம் வெட்டும்போது எண்ணையும் சேர்த்து வெட்டியிருந்தான். அதனால் அவள் புத்தகத்தைப் பிரித்தபோது பென்சிலால் எண் எழுதிய சீட்டுகள் செய்தாள். படத்தைக் கழுவிக் காயவைக்கும்போது சீட்டை அதன்மேல் வைப்பாள். ஒரு நாள் யாரோ கதவைத் திறக்க, காற்றில் இரண்டு சீட்டுகள் தரையில் விழுந்தன. எது எதன்மேல் இருந்தது என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். எடுத்து வைத்தாள். தைத்தாள்.

எழுதியவரும் உதவவில்லை. செடியின் குணத்தை எழுதினாரே தவிர, பூ எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதவில்லை. படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். இலையோ இரண்டுக்கும் ஒரே சாயல்.

நெஞ்சடக்கியின் பக்கத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தாள். கடைசி வரிகளில் கண் நின்றது.

'இதன் இலையை அளவு மீறி உண்டவனுக்கு உண்டது நில்லாது. நாடி தளரும். வெண்மையான பொருள் யாவும் அவன் கண்ணுக்கு மஞ்சளாகும்.'

மஞ்சக்காமாலை வந்த மாதிரி எரியுது.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். ஓய்ந்தது. கணவருக்குச் செய்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் அவர். "பதறாதே. அப்பாவுக்கு ஒரே வாந்தி. பாத்ரூம்ல விழுந்துட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டார். நானும் இங்கதான் இருக்கேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்ன குடிச்சார்னு கேட்டாங்க. நல்லவேளை, கையில நம்ம புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. பக்கத்தைக் காட்டினேன். கெடுதல் இல்லாத செடிதான், வயிறு கெட்டிருக்கு, டிரிப்ஸ் போட்டு சாயங்காலம் அனுப்பிடலாம்னாங்க."

"புத்தகம் தப்பு."

"என்னது?"

"படம் மாறியிருக்கு. அவர் குடிச்சது சளிமுறி இல்ல, விஷம். நான்தான் மாத்தித் தைச்சுட்டேன். டாக்டரைக் கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் புத்தகம் கீழே விழும் சத்தம். பிறகு,

"லாரியில ஏத்திட்டிருக்காங்களே," என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. சில பேருக்குப் பயம் வந்தால் முதலில் வாயில் வருவது வேலைதான்.

"லாரி நாசமாப் போகட்டும். உங்க அப்பா சாகக் கிடக்கார். போனை டாக்டர்கிட்ட கொடுங்க!"

செருப்புச் சத்தம். ஓடுகிறார். ஒரு பெண் குரல் வந்தது.

"சொல்லுங்க, யாரு?"

"அவரோட மருமக."

"சரி. செடி மாறிடுச்சுன்னு சொல்றீங்களாம். அதைச் சொல்ல நீங்க யாருன்னு கேட்டேன்."

"அந்தப் புத்தகத்தைத் தப்பா தைச்சவ."

அக்கா அந்த மூன்று வரிகளையும் படித்தாள். புரியட்டும் என்று இரண்டு முறை படித்தாள். காலையில் பல்புக்காக நடந்த சண்டையையும் சொன்னாள்.

"லைன்லயே இருங்க," என்றார் டாக்டர். பிறகு தூரத்தில் அவர் குரல். "பெரியவரே, எதிர்ல இருக்கிற சுவர் என்ன கலர்?"

"மஞ்சள்," என்றது மாமனாரின் குரல், ஈனமாக. "ஏன், பெயின்ட் அடிக்கவா என்னைப் படுக்க வெச்சிருக்கீங்க?"

"வெள்ளை சுவர்ப்பா அது," என்றார் கணவர்.

டாக்டரின் குரல் திரும்பி வந்தபோது வேகம் கூடியிருந்தது. "ஈசிஜி எடுக்கச் சொல்லிட்டேன். இதுக்கு மாற்று மருந்து எங்ககிட்ட இல்ல. பெரிய ஆஸ்பத்திரிலேருந்து வரவழைக்கணும். சும்மா கேட்டா கொடுக்க மாட்டாங்க. ஆதாரம் வேணும். வீட்ல மீதி இலை, கஷாயம் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. அந்தக் கறையை போட்டோ எடுக்க முடியுமா?"

"எடுக்கிறேன்."

போன் செய்து கூப்பிட்டதும், தம்பி மாடியிலிருந்து இறங்கிவர நேரம் எடுத்துக்கொண்டான். வழக்கமாக இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவன். மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல. சொல்லு."

சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது.

"நான்தானேக்கா ஒவ்வொரு பக்கமா எடுத்தேன். நானும் பார்க்கலையே."

"நேர் வெளிச்சத்துல எடுத்தே. எப்படித் தெரியும்? விளக்கைச் சாய்ச்சுப் பிடி."

அவன் கேமராவை வைத்தான். பார்த்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"பேப்பர் ரொம்ப மஞ்சளா அடிக்குதே. லைட்டை மாத்தவா?"

"பழைய பேப்பர் வேற எப்படி இருக்கும்? எடுத்துத் தொலைடா."

எடுத்தான். மணிகள் திரையில் தெளிவாக விழுந்தன. டாக்டருக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு விரைந்தார்கள். வழியெல்லாம் அவள் அவன் தோளைக் குத்திக்கொண்டே வந்தாள், இன்னும் வேகமாக என்று. அவன் ஒரு திருப்பத்தில் தடுமாறினான். "தூங்கிட்டியா?" என்று கத்தினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பாத்ரூம் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மூடினாள். சமையலறையில் பை நிறைய இலை. ஃபிளாஸ்கில் பாதி கஷாயம், இன்னும் சூடு ஆறவில்லை. மேடையில் அவள் காலையில் கவிழ்த்த டம்ளர்கள். ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு ஃபிளாஸ்கை எடுத்தாள்.

தம்பி உள்ளே வரவில்லை. ஸ்கூட்டரின் மேலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

"வெயில்கா. தலை சுத்துது."

"அப்புறம் சுத்தலாம். கிளப்பு."

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். கணவர் வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"லாரி கிளம்பிடுச்சு. டிரைவர் போனை எடுக்க மாட்டேங்கிறான். பாதி கடைக்கு நாளைக்குக் காலையில போய்ச் சேர்ந்துடும்." நிறுத்தினார். "அதை நான் பார்த்துக்கிறேன். நீ உள்ள போ. அப்பா உன்னைத்தான் கேட்டார்."

மாமனாரின் நெஞ்சில் ஒயர்கள். தலைமாட்டில் ஒரு பெட்டி. அதில் பச்சைக் கோடு எழும்பிற்று. நின்றது. ஓடாமல் நின்றது. பிறகு ஞாபகம் வந்தது போல மறுபடி எழும்பிற்று. அந்த இடைவெளியில் அக்காவும் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஃபிளாஸ்கைத் திறந்து முகர்ந்தார். இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"போட்டோவை அனுப்பினதும் ஒத்துக்கிட்டாங்க. மருந்து வண்டியில வந்துட்டிருக்கு. ஆனா அவங்ககிட்டயே இருப்பு ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சாம். நம்ம அதிர்ஷ்டம்."

"பொழைச்சுப்பாரா?"

"மருந்து நேரத்துக்கு வந்துட்டா பேசலாம்."

இந்த மாதிரிப் பதில்களை டாக்டர்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்களோ.

"பசை," என்றார் மாமனார். கண் பாதி மூடியிருந்தது. "என்னமோ சொல்றாங்க. நான் புத்தகத்தைப் பார்த்துத்தானே குடிச்சேன்?"

"புத்தகம் தப்பு மாமா. படத்தை நான் மாத்தித் தைச்சுட்டேன். நீங்க குடிச்சது விஷம்."

அவர் உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அதான் அப்படிக் கசந்துதா," என்றார். "நல்ல மருந்து போலிருக்குன்னு நினைச்சேன்."

அவள் அழவில்லை. அழுதால் அவருக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். போர்வையை இழுத்துவிட்டாள்.

"சிஸ்டர், கேஸ் ஷீட்ல எழுதுங்க," என்ற டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வீட்ல வேற யாராவது இதைக் குடிச்சாங்களா?"

"இல்ல டாக்டர். இவர் மட்டும்தான். நாங்க யாரும் தொட மாட்டோம்."

மாமனாரின் கை போர்வைக்கு வெளியே வந்தது. ஒயரோடு சேர்த்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கட்டில் காலைப் பிடித்த அதே பிடி.

"அவன் எங்க?"

"யாரு மாமா? அவர் வெளியில போன் பேசிட்டிருக்கார்."

"என் பையன் இல்ல. உன் தம்பி."

"வண்டி நிறுத்திட்டு வர்றான்."

"கூப்பிடு அவனை."

"வருவான் மாமா. நீங்க பேசாதீங்க."

"பசை, கூப்பிடுன்னு சொல்றேன்ல!"

பெட்டியில் கோடு தாறுமாறாக எகிறியது. நர்ஸ் ஓடிவந்தார். அதே நேரம் கதவு திறந்தது. தம்பி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வழக்கம்போல ஏதாவது சொல்லிக் கிழவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் முகத்தில் மிச்சமிருந்தது.

"என்ன மாமா, நல்ல இடமா பார்த்துப் படுத்துட்டீங்க." கட்டிலுக்குப் பின்னால் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஏன்கா, எல்லா ஆஸ்பத்திரியிலயும் வெள்ளைதானே அடிப்பாங்க? இங்க மட்டும் எதுக்கு இப்படி மஞ்சளை அடிச்சு வெச்சிருக்காங்க?"

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

வெள்ளையாக இருந்தது.

தொட்டியில் கிடந்த இரண்டு டம்ளர்கள் அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. இரண்டின் அடியிலும் பச்சை.

"அவன் டீயில ஊத்தினேன்," என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல். "தினமும். கேட்டா குடிக்க மாட்டான்னு கேட்காம ஊத்தினேன். சின்ன வயசு, தாங்குவான்னு கொஞ்சம் கூடவேதான் ஊத்தினேன்."

டாக்டர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். எண்ணுவதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

கீழே, வாசலில் மருந்து வண்டி வந்து நின்றது.